பாட்டும் பூட்டும்

சொத்துரிமை என்பது என்றும் மாறாத இயற்கை நியதி என்று கருதுவோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். வரலாறு அக்கருத்துக்கு இடந் தருவதில்லை. நிலத்தின் மீதான உரிமையைப் போலவே பாட்டின் மீதான உரிமையும் குறிப்பிட்ட ஒரு காலத்தில், குறிப்பிட்ட சில நலன்களின் மோதலிலே பிறந்தது. உற்பத்திக் கருவிகள் மாறிய போதெல்லாம் அதுவும் உருமாறியது. காற்றிலே கலந்து மறையும் ஓசை, காகிதச் சுருளிலும் மெழுகிலும் நாடாவிலும் ஒளித்தட்டிலும், ஈற்றில் வெறும் எண்களின் வரிசையிலும் பதிவு பெற்ற கதை ஒன்று. அவ்வோசைக்கு உரியவர் யார், அதற்கு விலை கொடுத்தவருக்கு அதன் மீதுள்ள உரிமை யாது என்ற வழக்கின் கதை மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி இன்றைய நிலையை விளங்கிக்கொள்ளல் அரிது.

இன்றைய நிலை யாது? இசைத்தட்டை விலைக்கு வாங்கிய ஒருவர் அதனை நண்பருக்கு இரவல் கொடுத்தார். பழைய பொருள் வாங்கும் கடையிலே விற்றார். பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார். கைத்தொலைபேசி வழியே மாதச் சந்தா செலுத்திப் பாட்டுக் கேட்கும் இன்றைய மாணவர் இவற்றுள் ஒன்றையேனும் செய்ய இயலாதவர். சந்தா நின்றதும் பாட்டும் நின்றுவிடுகிறது. நேற்றைய வாங்குநர் இன்றைய குத்தகைக்காரராக மாறியமை தற்செயலாக நிகழ்ந்ததன்று. அம்மாற்றம் நிகழ்ந்த படிகளையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். அதன் முக்கிய அரங்கு ஐக்கிய அமெரிக்கா ஆதலின் அந்நாட்டின் வரலாறே இங்கு பெரிதும் பேசப்படும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் தாயகம் இங்கிலாந்து. 1557இல் அரச சாசனம் பெற்ற லண்டன் நூல் வணிகர் கழகம் அச்சுத்தொழிலைத் தன் கைக்குள் வைத்திருந்தது. நூலை ஆக்கியோனுக்கு அங்கு இடமில்லை, வணிகனுக்கே உரிமை. 1710ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் அந்நிலையை மாற்றியது. ஆக்கியோனுக்கு 14 ஆண்டுகள். அவன் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டுகள். அதன்பின் நூல் பொதுமக்கள் சொத்து. கல்வியை ஊக்குவித்தலே தன் நோக்கம் என அச்சட்டம் தன் தலைப்பிலேயே கூறிற்று. இவ்வுரிமை என்றென்றைக்கும் நீளவேண்டும் என்று வாதிட்ட லண்டன் வணிகரைப் பிரபுக்கள் சபை 1774இல் தோற்கடித்தது. 1777இல் யொகான் கிறிஸ்தியன் பாக் என்ற இசைப்புலவர் தொடுத்த வழக்கில், அச்சிடப்பட்ட இசையும் அச்சட்டத்தின் காப்புக்கு உட்பட்டதே எனத் தீர்ப்பாயிற்று. ஆகவே தொடக்கத்திலேயே இச்சட்டத்தில் மூன்று தரப்பினர் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது: ஆக்குவோர், விற்போர், பயன்கொள்வோர். ஆக்குவோரின் பெயரால் விற்போர் பேசுவதே பின்னைய வரலாற்றின் பெரும்பகுதியாகும்.

இயந்திரம் இசையைத் தீண்டிய காலத்தில் இம்மூவரின் உறவு புதிய சோதனைக்கு உள்ளாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துளையிட்ட காகிதச் சுருள்களால் தானே இயங்கும் பியானோக்கள் அமெரிக்க மத்தியதர வர்க்கத்தின் வீடுகளில் புகுந்தன. பாட்டின் இசைக்குறிப்பை அச்சிட்டு விற்றவர்கள், சுருள் செய்வோர் தமக்குப் பணந் தரவேண்டும் என வழக்குத் தொடுத்தனர். 1908 பெப்ரவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. காகிதச் சுருளை மனிதர் எவரும் படித்தறிய முடியாது. ஆதலின் அது பாட்டின் பிரதி அன்று. இயந்திரத்தின் ஓர் உறுப்பே என்பது தீர்ப்பின் சாரம்.

ஆயின் அடுத்த ஆண்டிலேயே காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது. அம்மாற்றம் செய்யப்பட்ட முறை நமக்கு ஒரு பாடமாக அமைகிறது. இயந்திரப் பதிவின் மீதான உரிமை பாட்டாசிரியருக்கு வழங்கப்படின் அதன் பயனைப் பெற ஏயோலியன் என்ற பெருங் கொம்பனி முன்கூட்டியே காத்திருந்தது. முதன்மையான இசைப் பதிப்பாளர் பலரோடு தனியுரிமை ஒப்பந்தங்களை அது செய்து வைத்திருந்தமை வெளியாயிற்று. எனவே 1909ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையை வழங்கியது. ஆனால் அதனை ஒரு கொம்பனி பூட்டி வைக்க விடவில்லை. ஒரு முறை பதிவு செய்ய இசைந்த பாட்டைப் பிரதியொன்றுக்கு 2 சதம் செலுத்தி எவரும் பதிவு செய்யலாம் என்று விதித்தது. பாட்டாசிரியருக்கு ஊதியம், மக்களுக்கு வழி, ஏகபோகத்துக்குத் தடை என்ற மூன்றும் ஒரே விதியில் இணைந்தன. பூட்டுப் போடாமலே ஊதியம் வழங்கலாம் என்பதற்கு இது சான்று. ஆயினும் அந்த 2 சதம் 1977 முடிய உயர்த்தப்படாமலே கிடந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அதே 1908ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதே நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பு, வாங்குவோர் உரிமையின் அடிக்கல் எனலாம். பொப்ஸ் மெரில் என்ற பதிப்பகம் தன் நாவலொன்றில் ஓர் அறிவித்தலை அச்சிட்டிருந்தது: ஒரு டொலருக்குக் குறைவாக இந்நூலை விற்றல் ஆகாது, விற்பின் அது உரிமை மீறலாகக் கொள்ளப்படும். நியூயோர்க்கின் மேசிஸ் கடை அதனை 89 சதத்துக்கு விற்றது. முதல் விற்பனையோடு பதிப்பாளரின் பிடி தளர்ந்துவிடுகிறது. வாங்கியவன் அப்பிரதியை விரும்பியவாறு விற்கலாம் என நீதிமன்றம் கூறிற்று. முன்னைய சுருள் வழக்கின் தீர்ப்பை எழுதிய நீதியரசர் டே என்பவரே இதனையும் எழுதினார். நூலகங்களும் பழைய நூற்கடைகளும் இசைத்தட்டுப் பரிமாற்றமும் சட்டத்தின் அச்சமின்றி அந்நாட்டில் வளர்ந்தமைக்கு இத்தீர்ப்பே அரணாயிற்று.

மேலே கூறிய மூன்று தரப்பினருள் பாடுவோரும் வாத்தியக்காரரும் எங்கே என்று வாசகர் வினவலாம். சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒலிப்பதிவுக்கென்று தனிக்காப்பு வழங்கியதே 1972 பெப்ரவரியிலிருந்துதான். சட்டம் தராததைத் தொழிற்சங்கம் போராடிப் பெற்றது. வானொலியும் இசைத்தட்டுப் பெட்டியும் வாத்தியக்காரரின் வேலையைப் பறித்தபோது, பெற்றில்லோ தலைமை தாங்கிய அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் 1942 ஓகஸ்ட் 1ஆம் திகதி தொடக்கம் ஒலிப்பதிவுக்கு வரமறுத்தது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளை அது. அரசாங்கமும் பத்திரிகைகளும் சங்கத்தைச் சாடின. டெக்கா நிறுவனம் 1943இலும், கொலம்பியா, ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனங்கள் 1944 நவம்பரிலும் பணிந்தன. விற்கப்படும் ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் ஒரு தொகை, வேலையிழந்த கலைஞருக்கான நிதியிற் சேர்ந்தது. இயந்திரத்தை உடைக்க வேண்டியதில்லை. அதன் பயனிற் பங்கு கேட்டால் போதும் என்பதை அத்தொழிலாளர் உணர்ந்திருந்தனர். 1947ஆம் ஆண்டின் டாவ்ற்-ஹாட்லி சட்டம் அந்த நிதியமைப்பையே தாக்கியது என்பது ஆளும் வர்க்கத்தின் அச்சத்தைக் காட்டும்.

நாடாப் பதிவுக் கருவி பிறந்ததும் சிக்கல் வீட்டுக்குள் வந்தது. இதுவரை பிரதி செய்தல் தொழிற்சாலையின் வேலை. இனிப் பிரதி செய்பவர் கேட்பவரே. மேற்கு ஜேர்மனி 1965இல் இதற்கொரு வழி கண்டது. தனிப்பட்ட பாவனைக்காகப் பிரதி செய்வதைத் தடுக்காமல், பதிவுக் கருவியின் விலையில் ஒரு சிறு தொகையை அறவிட்டு ஆக்கியோருக்குப் பகிர்ந்தளிக்கச் சட்டமியற்றியது. அமெரிக்காவிலோ வழக்காயிற்று. வீட்டில் ஒளிப்பதிவு செய்யும் கருவியை விற்றதற்காக சோனி நிறுவனத்தின் மீது ஹொலிவூட் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 1984 சனவரி 17ஆம் திகதி ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் சோனி வென்றது. நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர் பார்ப்பது நியாயமான பாவனை என்பது தீர்ப்பு. பாவனையாளரின் உரிமைக்காக அன்று நீதிமன்றத்தில் வாதாடியது சோனி. ஏனெனில் அன்று அது கருவி விற்பனையாளன். 1988இல் அதே சோனி ஏறத்தாழ 200 கோடி டொலர் கொடுத்து சீ.பீ.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தை வாங்கியது. அதன்பின் அதன் குரல் மாறியதைக் காண்போம். கொம்பனிகளுக்குக் கொள்கை கிடையாது. நலன் மட்டுமே உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1992ஆம் ஆண்டுச் சட்டம் டிஜிற்றல் நாடாக் கருவிக்கு ஒரு சமரசங் கண்டது: கருவிக்கு 2 சதவீதமும் வெற்று நாடாவுக்கு 3 சதவீதமும் தீர்வை, பிரதியிலிருந்து பிரதி எடுப்பதற்குத் தடை, தனிப்பட்ட பாவனைக்காகப் பதிவோர் மீது வழக்கில்லை. ஆயின் கணினி அச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. கணினியும் இணையமும் இணைந்ததும் அச்சமரசம் சிதைந்தது.

1998 ஒக்டோபர் மாதத்தின் அடுத்தடுத்த இரு நாள்களில் இரு சட்டங்கள் கையொப்பமாயின. 27ஆம் திகதிச் சட்டம் பதிப்புரிமைக் காலத்தை ஆக்கியோன் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகளாகவும், கொம்பனிகளுக்கு 95 ஆண்டுகளாகவும் நீட்டியது. 28ஆம் திகதிச் சட்டமே டிஜிற்றல் ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம். 1996இல் ஜெனீவாவில் நிறைவேறிய இரு சர்வதேச ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்துவதாகக் கூறிக்கொண்டு, அது ஒரு புதுக் குற்றத்தைப் படைத்தது. விற்பனையாளன் பொருளின் மீது மென்பொருட் பூட்டொன்றைப் போடலாம். அப்பூட்டைத் திறப்பதும், திறக்குங் கருவியை ஆக்கி வழங்குவதும் சட்டவிரோதம். பூட்டுக்குள் இருப்பது எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்ற வினாவுக்கு அங்கு பெரும்பாலும் இடமில்லை. முந்நூறு ஆண்டுகளாகச் சட்டமன்றமும் நீதிமன்றமும் வரைந்த எல்லையை இனிக் கொம்பனியின் மென்பொருளே வரையும். அரசு அதற்குக் காவல் நிற்கும்.

ஆக்கியோரைக் காப்பதே இவற்றின் நோக்கம் என்று கூறப்பட்டது. 1999 நவம்பரில் நடந்ததைக் கொண்டு அக்கூற்றை மதிப்பிடலாம். வேறொரு சட்டத்தின் நடுவே, இசைப்பதிவுகளைக் கூலிக்குச் செய்த வேலையாகக் கருதத்தக்க ஒரு சிறு திருத்தம் சத்தமின்றி நுழைக்கப்பட்டது. 35 ஆண்டுகளின் பின் தம் பதிவுகளை மீட்கும் வாய்ப்பைப் பாடகரிடமிருந்து அது பறித்திருக்கும். அதனை வரைந்த காங்கிரஸ் அலுவலர் சில மாதங்களுள் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கத்தில் உயர்பதவி ஏற்றார். பாடகர்கள் திரண்டெழுந்து எதிர்த்ததனால் 2000ஆம் ஆண்டில் அத்திருத்தம் நீக்கப்பட்டது. கலைஞனின் பெயரால் சட்டங் கேட்டவர்கள் கலைஞனிடமிருந்தே பறிக்க முயன்றதை வரலாறு பதிந்து வைத்துள்ளது.

பூட்டுச் சட்டம் முதலில் தாக்கியது அறிவுத் துறையையே. 2000 செப்டெம்பரில் இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பொன்று தன் புதிய பூட்டுகளை உடைத்துக் காட்டுமாறு அறைகூவல் விடுத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேட் ஃபெல்டன் குழுவினர் உடைத்துக் காட்டினர். அவ்வாய்வை மாநாடொன்றில் வாசிக்க முற்பட்டபோது வழக்கு மிரட்டல் வந்தது. 2001 ஏப்ரிலில் கட்டுரை மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டிலேயே அது வேறொரு மாநாட்டில் வெளிவந்தது.

இவ்வச்சத்தின் விளைவைப் பொதுமக்கள் உணர்ந்தது 2005இல். சோனியும் ஜேர்மனியின் பேர்ட்டெல்ஸ்மான் நிறுவனமும் இணைந்து நடத்திய சோனி பீ.எம்.ஜி. விற்ற ஒளித்தட்டுகளைக் கணினியில் இட்டால், பாட்டோடு ஒரு மென்பொருளும் கணினிக்குள் புகுந்தது. கணினித் துறையினர் ரூட்கிட் என வழங்கும் வகையைச் சேர்ந்தது அது. குறிப்பிட்ட சில எழுத்துகளிற் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது கணினி உரிமையாளரின் கண்ணுக்கே மறைத்தது. தீயநோக்கமுடைய வேறு எவரும் அத்திரையின் பின்னே ஒளிந்துகொள்ளலாம், விரைவிலேயே ஒளிந்துகொண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் இதனை அம்பலப்படுத்தினார். அத்தகைய இசைத்தொகுப்புகள் ஏறத்தாழ ஐம்பது; ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த தட்டுகள் இருபது இலட்சத்துக்கு மேல்.

பெரும்பாலான மக்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாதபோது அவர்கள் அதைப்பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருள்பட நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் வானொலியிற் பேசினார். மக்களின் அறியாமையை முதலாகக் கொண்டு வாணிகம் செய்வோரின் மனப்பாங்கு அப்பேச்சிலே வெளிப்பட்டது. மென்பொருளை அகற்றுவதற்கென நிறுவனம் முதலில் வழங்கிய கருவியோ கணினியில் மேலும் ஓர் ஓட்டையைத் திறந்தது. அத்தட்டுகளோடு வந்த உடன்படிக்கையை வாசித்தவர்கள் மற்றொன்றையும் கண்டனர். தட்டு களவு போனால் கணினியிலுள்ள பாட்டுகளையும் அழித்துவிட வேண்டும். வங்குரோத்து அடைந்தாலும் அவ்வாறே. களவு கொடுத்தவனிடமும் கடன்பட்டு நொந்தவனிடமுமிருந்து பாட்டையும் பறிக்கும் நிபந்தனைகள் இவை. அம்மென்பொருளிலேயே பிறர் பொதுநலனுக்காக நிபந்தனையோடு வழங்கிய நிரற்பகுதிகள் அந்நிபந்தனைகளை மீறி எடுத்தாளப்பட்டிருந்தமையை ஆய்வாளர் கண்டறிந்தனர். பதிப்புரிமையைக் காக்கவந்த காவலன் பதிப்புரிமையை மீறியவனாய் நின்றான்.

பிரின்ஸ்டன் ஆய்வாளர் இக்குறையைப் பற்றி முன்னரே அறிந்திருந்தும், 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அஞ்சிச் சட்டத்தரணிகளைக் கலந்தாலோசித்துக்கொண்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. அவ்விடைவேளையில் எத்தனை வீட்டுக் கணினிகள் திறந்து கிடந்தன! நவம்பர் நடுப்பகுதியில் நிறுவனம் தட்டுகளை மீளப்பெற்றது. 21ஆம் திகதி டெக்சாஸ் மாநிலச் சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார். 2007 சனவரியில் மத்திய வர்த்தக ஆணைக்குழுவோடு எட்டிய இணக்கத்தின்படி, கணினி சேதமுற்றோருக்கு 150 டொலர் வரை வழங்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெட்டாமக்ஸ் வழக்கில் வீட்டுக்குள் நடப்பதில் தலையிட வேண்டாம் என்று வாதாடிய அதே பெயரைத் தாங்கிய நிறுவனம், இருபத்தோர் ஆண்டுகளின் பின் வீட்டுக்குள் ஒளித்து ஆள் வைத்தது.

இக்காலத்திலேயே கேட்போர் மீதான வழக்குகளும் நடந்தன. 1999இல் தோன்றிய நாப்ஸ்டர் என்ற பரிமாற்றச் சேவை 2001இல் மூடப்பட்டது. 2003 செப்டெம்பரில் 261 தனிநபர் மீது முதல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவ்வழக்குகளில் ஒன்று, நியூயோர்க் அரசாங்கத் தொடர்மாடியில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமியொருத்தியின் இணையப் பரிமாற்றம் பற்றியது. அது 2,000 டொலரோடு முடிந்தது. 2008இல் இம்முறை கைவிடப்படும்வரை குற்றஞ்சாட்டப்பட்டோர் 30,000க்கும் மேற்பட்டோர். மினசோட்டா மாநிலத்துத் தாயொருத்திக்கு 24 பாட்டுகளுக்காக 2009இல் யூரிமார் விதித்த நட்டஈடு 19 இலட்சத்து 20 ஆயிரம் டொலர். மேன்முறையீட்டின் பின் 2012இல் நிலைத்த தொகையே 2 இலட்சத்து 22 ஆயிரம்.

பூட்டுகள் ஈற்றில் தாமே துருப்பிடித்தன. அப்பிள் நிறுவனம் 2003 ஏப்ரிலில் பாட்டொன்று 99 சதமாக விற்கத் தொடங்கியபோது, அப்பாட்டு அதன் கருவிகளிலன்றி வேறு கையடக்கக் கருவிகளில் ஒலிக்காதபடி பூட்டப்பட்டிருந்தது. நோர்வேயின் பாவனையாளர் அமைப்பு 2006இல் இதனை எதிர்த்து முறையிட்டது. பூட்டினால் வலுப்பெற்றவர் தாமல்லர், கருவி விற்கும் அப்பிளே என்பதை இசைத்தட்டுக் கொம்பனிகளும் காலந்தாழ்ந்து உணர்ந்தன. 2007இல் ஈ.எம்.ஐ. பூட்டை நீக்கியது, 2009இல் அப்பிள் கடையின் பாட்டுகள் யாவும் பூட்டின்றி வருமென அறிவிக்கப்பட்டது. இடையில் 2008இல் மைக்ரோசொவ்ற், யாகூ ஆகியன தத்தம் இசைக்கடைகளின் திறப்பு வழங்கும் கணினிகளை நிறுத்தப்போவதாக அறிவித்தன. பணங் கொடுத்து வாங்கிய பாட்டைப் புதிய கணினிக்கு மாற்றவும் இயலாத நிலை அவ்வறிவித்தலால் எழுந்தது. எதிர்ப்பின் பின்னரே மைக்ரோசொவ்ற் தவணை கொடுத்தது. யாகூ ஈடு வழங்க முன்வந்தது. பூட்டிய பொருளின் ஆயுள் பூட்டியவனின் விருப்பத்தின் ஆயுளே என்பது அன்று நிரூபணமாயிற்று.

ஆனால் பூட்டு வீழ்ந்ததனால் வாங்குவோர் வென்றார் எனக் கொள்ளலாகாது. ரீடிஜி என்ற நிறுவனம் முறையாக வாங்கிய பழைய டிஜிற்றற் பாட்டுகளை மறுவிற்பனை செய்ய முனைந்தது. கப்பிற்றல் ரெக்கோர்ட்ஸ் தொடுத்த வழக்கில் 2013இலும், மேன்முறையீட்டில் 2018 டிசெம்பரிலும் அது தோற்றது. கணினியிலிருந்து கணினிக்குப் பாட்டை மாற்றும்போது புதியதொரு பிரதி பிறக்கிறது. ஆதலின் 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனைக் காவாது என்பது நீதிமன்றத்தின் முடிபு. நூற்றுப்பத்து ஆண்டுகள் வாழ்ந்த வாங்குவோர் உரிமை டிஜிற்றற் பாட்டின் வாசலில் நின்றுவிட்டது.

இன்று உலகின் இசைப்பதிவு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இணைய ஒலியோடையிலிருந்து வருகிறது. அங்கு விற்பனையே இல்லை. ஆதலின் வாங்குவோரும் இல்லை. யூனிவேர்சல், சோனி, வோர்ணர் என்ற மூன்று நிறுவனங்கள் பதிவுகளின் பெரும்பகுதியைத் தம் வசம் வைத்துள்ளன. கேட்போரிடம் இழந்த உரிமை கலைஞரிடம் சென்று சேர்ந்ததா? 2021 யூலையில் பிரித்தானியப் பொதுச்சபைக் குழுவொன்று இத்துறையை முற்றாகச் சீரமைக்க வேண்டும் என்றும், பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்றும் அறிக்கையிட்டமையே அவ்வினாவுக்கு விடை.

இங்கு நாம் ஓர் எளிய முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. பிரதி செய்யும் உரிமை யாவர்க்கும் வேண்டும் எனக் கூறும்போது, பாடிப் பிழைப்பவரின் அடுப்பு எவ்வாறு எரியும் என்பதற்கும் விடை கூறவேண்டும். பிரித்தானியாவில் சொந்தத் தட்டைச் சொந்தப் பாவனைக்காகப் பிரதி செய்யும் உரிமை 2014 ஒக்டோபரிற் சட்டமாயிற்று. 2015 யூலையில் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. அதனை எதிர்த்து வழக்காடியோருள் இசைக் கலைஞர் தொழிற்சங்கமும் ஒன்று. ஜேர்மனியிற் போல ஈட்டுத்தொகை ஏதும் அச்சட்டத்திற் கூறப்படாமையே அவர்களின் குறை. உழைப்போரும் கேட்போரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டபோது இருவருமே தோற்றனர்.

எமது நாட்டுக்கு இதில் என்ன தொடர்பு என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கலாம். 1979ஆம் ஆண்டின் புலமைச் சொத்துக் கோவையை நீக்கி இயற்றப்பட்ட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமே எம்மை ஆள்கிறது. நியாயமான பாவனையையும், கற்பித்தலுக்கான பாவனையையும் அது ஏற்கிறது. அதே வேளை ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு என்ற நீண்ட காலத்தையும், பூட்டைத் திறக்குங் கருவிகளுக்கான தடையையும் அது தன்னுள்ளே கொண்டுள்ளது. செல்வ நாடுகளின் கொம்பனிகள் தம் நாட்டிற் போராடிப் பெற்றவை வர்த்தக உடன்படிக்கைகளின் வழியே சிறிய நாடுகளின் சட்டப் புத்தகங்களில் ஏறுகின்றன. அந்நாடுகளின் பாவனையாளர் போராடிப் பெற்ற விலக்குகள் அத்துணை எளிதாகக் கப்பலேறுவதில்லை. ரூட்கிட் விவகாரத்தின் பின் 2006இல், பாதுகாப்புக் குறையுள்ள இசைத்தட்டுப் பூட்டுகளை ஆராய்வதற்கு அமெரிக்காவில் தற்காலிக விலக்கு வழங்கப்பட்டது. மூன்றாண்டுக்கொருமுறை அத்தகைய விலக்குகளைக் கேட்டுப் பெறுவதற்கு அங்கு ஒரு முறையாவது உண்டு.

வரலாறு எமக்குத் தரும் படிப்பினைகள் தெளிவானவை. 1909இல் ஏகபோகத்தைத் தடுத்தே ஊதியம் வழங்க முடிந்தது. 1944இல் இயந்திரத்தின் பயனிற் பங்கு பெற முடிந்தது. 1965இல் வீட்டுக் கதவைத் தட்டாமலே ஆக்கியோருக்குப் பணஞ் சேர்க்க முடிந்தது. 2025 சனவரி தொடக்கம் கலிபோர்னியா மாநிலத்தில், திரும்பப் பறிக்கத்தக்க அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டு அதனை விற்பனை என்று சொல்வது, உண்மையைத் தெளிவாக அறிவித்தாலன்றிச் சட்டத்துக்கு மாறானது. சொல்லளவிலேனும் நேர்மை வேண்டும் என்ற இச்சிறு வெற்றியும் பாவனையாளரின் எதிர்ப்பினால் வந்ததே. புலமைச் சொத்துச் சட்டம் திருத்தப்படும் நாளில் எம் பாராளுமன்றத்தின் முன் கொம்பனிகளின் சட்டத்தரணிகள் நிற்பார்கள் என்பதில் ஐயமில்லை. பாடுவோரின் சங்கங்களும், நூலகரும், ஆசிரியரும், மாணவரும் அன்று அங்கு நிற்பார்களா என்பதே எம்முன் உள்ள வினா.